ரத்தம் கசியும் ஈறும் இறங்காத சர்க்கரையும்: பல் மருத்துவர் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களைப் படிக்கையில் ஒன்று புலப்பட்டது. பல்லில் நேரும் கோளாற்றுக்குப் பற்பசையையும் பிரஷையும் குறை சொல்லும் வாசகர்கள், தங்களுக்கு உள்ள நோய், உட்கொள்ளும் மாத்திரை, நாள் முழுவதும் வாயில் போடும் பொருள் ஆகியவற்றைக் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார்கள். பெரும்பாலான கடிதங்களுக்கு விடை அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

கேள்வி: எனக்கு வயது 52. சில ஆண்டுகளாகப் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கிவிட்டன. மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றால், அப்படிச் செய்தால் மற்றப் பற்களும் ஆடிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. மாத்திரையைக் கூட்டியும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9-க்குக் கீழே இறங்கவில்லை. (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஈறு நோயையும் சர்க்கரை நோயையும் நீங்கள் தனித்தனியே எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவை ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிறு பள்ளம் ஒன்று உண்டு. நலமான ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய உலோகக் கோல் ஒன்றை அதற்குள் மெதுவாக இறக்கி அளப்பது எங்கள் முதல் வேலை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாத பலரிடம் அந்தக் கோல் 6, 7 மில்லிமீட்டர் வரை தடையின்றி இறங்குவதையும், வெளியே எடுத்த சில நொடிகளில் ஈறின் விளிம்பில் ரத்தம் மணிபோலத் திரள்வதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஆழத்துக்கு எந்தப் பிரஷும் எட்டாது. பல்லின் மீது படியும் பாக்டீரியாப் படலம் உமிழ்நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து இறுகிக் காறையாகி, வேரை ஒட்டிக் கிடக்கும். அதன் மேல் மீண்டும் பாக்டீரியா குடியேறும். உடல் அதை எதிர்த்துப் போராடும் முயற்சியில், பல்லைத் தாங்கும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. உங்கள் பற்கள் ஆடுவதற்குக் காரணம் அதுவே.

ரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கும்போது வெள்ளை அணுக்களின் போராடும் திறன் குறைகிறது; நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெடுகின்றன; புண் ஆறுவதற்குத் தேவையான நார்ப்புரதம் சரியாக உருவாவதில்லை. இதனால் அதே அளவு அழுக்கு இன்னொருவர் வாயில் செய்யும் கேட்டை விட உங்கள் வாயில் அதிகக் கேட்டைச் செய்கிறது. இது ஒரு திசை. மறு திசையைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாப் பற்களையும் சுற்றி ஆழமான பள்ளங்களில் புண் இருந்தால், பல சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஆறாத காயம் ஒன்றை உடலில் சுமந்து திரிவதாகப் பொருள். கையிலோ காலிலோ அத்தனை பெரிய புண் இருந்தால் ஒருநாள் கூடச் சும்மா இருக்க மாட்டோம். அந்தக் காயத்திலிருந்து ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. ஆகவே மாத்திரை கூடினாலும் சர்க்கரை இறங்க மறுக்கிறது.

ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதங்களில் அந்தச் சராசரி அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை தரும் பலனுக்கு ஏறத்தாழ அருகில் வரும் எண் அது. இது மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் மாற்றாகாது. ஆனால் இவற்றோடு சேர வேண்டிய ஒன்று உங்கள் சிகிச்சையில் விடுபட்டிருக்கிறது.

சுத்தம் செய்தால் பற்கள் ஆடும் என்னும் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். எலும்பு கரைந்த பின் பற்களைப் பிணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பது பல நேரங்களில் காறைதான். சுவர் இற்றுப்போன வீட்டில் பூச்சு மட்டும் நின்றுகொண்டிருப்பது போன்ற நிலை அது. காறையை அகற்றியதும் முன்பே நேர்ந்துவிட்ட இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பற்களுக்கிடையே சந்து தெரிகிறது. சில நாள் பல் கூசுகிறது. வீக்கம் வற்றி ஈறு பல்லை இறுகப் பற்றும்போது ஆட்டம் ஓரளவு குறைவதே வழக்கம். ஈறுக்கு அடியிலுள்ள வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால் சில அமர்வுகள் தேவைப்படும். அதன் பின் இரண்டு மாதம் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து வர வேண்டும். வெறும் வயிற்றோடு வராதீர்கள். காலை உணவும் மாத்திரையும் முடித்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை சர்க்கரை மருத்துவரைப் பார்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதையும் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் 20 ஆண்டுகளாகப் புகைப்பவர். "எனக்கு ஈறில் ரத்தமே வந்ததில்லை, என் பல் நலமாக இருக்கிறது" என்கிறார். உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: ரத்தம் வராதது அவர் விஷயத்தில் நல்ல அறிகுறி அன்று. நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ஈறு நோய் முற்றியிருந்தாலும் ஈறு வெளிறி, கெட்டியாக, நலமானது போலத் தோற்றமளிக்கும். எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிட்டது போன்ற நிலை இது. ஒரு எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் உயரத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு ஈறில் ரத்தம் வரத் தொடங்கும். ரத்த ஓட்டம் திரும்புவதன் அடையாளம் அது. "நிறுத்தியதால்தான் கெட்டது" என்று எண்ணி மீண்டும் பற்றவைத்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: உடல் எடையைக் குறைக்க ஒன்றரை ஆண்டாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறும் தேனும் வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். குடித்தவுடன் பல் துலக்கிவிடுகிறேன். இப்போது குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசுகிறது. முன்பற்களின் நுனி கண்ணாடி போலத் தெரிகிறது. இரவில் நெஞ்செரிச்சலும் உண்டு. (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கண்ணாடி போலத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லே போதும். பல்லின் மேற்பூச்சான எனாமல் மெலிந்து ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்திருக்கிறது. வாயின் அமிலகார அளவு (pH) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள தாதுக்கள் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றில் அந்த அளவு 2 முதல் 2.5 வரைதான், நீரில் கலந்தாலும் 5.5-க்கு மேலே ஏறாது. அமிலத்தால் இளகியிருக்கும் அந்த நேரத்தில் பிரஷைப் போட்டுத் தேய்ப்பது, ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவரைத் துடைப்பத்தால் தேய்ப்பது போலாகும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

எலுமிச்சை நீரை நிறுத்திவிடுங்கள். மனம் வரவில்லை என்றால் உணவோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள். பல் துலக்குவதை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கலக்கும் தேனும் பல்லுக்குச் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். குறைந்தது 1000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பற்பசையையும் மென்மையான பிரஷையும் பயன்படுத்தி, துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு நீரால் கொப்பளிக்காமல் விட்டுவிடுங்கள். பசையில் உள்ள ஃபுளோரைடு பல்லில் தங்க வேண்டும்.

இரவு நெஞ்செரிச்சலை நீங்கள் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம் எலுமிச்சையை விடவும் கடுமையானது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு மிகக் குறைந்திருப்பதால் அதைக் கழுவிவிடவும் வாயில் ஒன்றும் இருக்காது. மேல் முன்பற்களின் உட்புறத்தை நாவால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக, குழிந்தது போலத் தோன்றினால் பல் மருத்துவரோடு இரைப்பை மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இளம் வயதிலிருந்தே வெற்றிலை பாக்குப் போடுகிறார், புகையிலை சேர்ப்பதில்லை. சில மாதங்களாகக் குழம்பில் காரம் சற்றுக் கூடினாலும் வாய் எரிகிறது என்கிறார். இட்லியையும் சிறு துண்டாகப் பிட்டுத்தான் வாயில் வைக்கிறார். வயிற்றுப்புண் என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை கொடுத்து வருகிறோம். (வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: இந்தப் பதிலைப் படித்ததும் அம்மாவைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாயில் வைக்கச் சொல்லுங்கள். நலமான வாயில் மூன்று விரலும் நுழையும். இரண்டுதான் நுழைகிறது என்றால், அவர் இட்லியைச் சிறிதாகப் பிட்டு உண்பதற்குக் காரணம் வயிற்றில் இல்லை.

பாக்கில் உள்ள அரிகோலின் முதலான பொருள்கள், கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவை அளவுக்கு மீறி உருவாக்குகின்றன. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு உட்கன்னம் சலவைக்கல் போல வெளிறும். தொட்டால் கயிறு போன்ற நார்ப்பட்டைகள் தட்டுப்படும். வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறையும். அந்தக் கயிற்றை முதன்முதலாக விரலால் தொட்டுணரும் பிள்ளைகளின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்த நார்த்தடிப்பு நோய் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்னும் நம்பிக்கை நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். நம் ஊரில் தாம்பூலம் மங்கலப் பொருள். அவருக்கு அது விருந்தின் நிறைவாக, அண்டை வீட்டாரோடு பேசும் பேச்சின் துணையாக இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது. பாக்கு பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் பொருளும் கூட. ஒரே நாளில் கைவிடுவது எளிதன்று. ஆனாலும் பாக்கை இன்றே நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் ஏற்கெனவே இறுகிய நார் பெரும்பாலும் இளகாது. மேலும் இறுகுவது நிற்கும் அல்லது தாமதப்படும். இந்த வாரமே அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பல் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். சென்னை வர முடிந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், சிறிதளவு சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்வார்கள். அதற்குத் தயங்கித் திரும்பி வந்துவிடாதீர்கள். சதை எடுத்தால் நோய் பரவும் என்பது தவறான எண்ணம். வீட்டில் வேறு யாருக்கேனும் புகையிலைப் பழக்கம் இருந்தால், நிறுத்த உதவும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்து வருகிறேன். ஓராண்டாக முன்பற்களுக்கிடையே ஈறு முளைபோல வளர்ந்து பல்லைப் பாதி மூடிவிட்டது. வலி இல்லை. வெட்டி எடுத்துவிடலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: சிலருக்கு இந்த மாத்திரையே ஈறை வளர்க்கும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் அப்படிச் செய்யும். ஃபெனிட்டாய்னின் இந்த விளைவு 1939-லேயே பதிவாகியிருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஈறு வளர்ச்சியை விடப் பெரிய ஆபத்து அது. உங்கள் மருத்துவரிடம் ஈறைக் காட்டினால், இயன்றால் வேறு வகை மருந்துக்கு மாற்றிக் கொடுப்பார். பல்லில் அழுக்குப் படிந்திருக்கும் வாயில்தான் இந்த வளர்ச்சி தீவிரமாகும் என்பதால், மருந்து மாற்றத்தோடு பல் சுத்தமும் நடந்தாலே பெரும்பாலும் ஈறு சுருங்கத் தொடங்கிவிடும். சில மாதம் பொறுத்துப் பார்த்து, மிச்சம் இருப்பதை மட்டும் வெட்டலாம். முதலிலேயே வெட்டினால் மறுபடியும் வளரும்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி வலிக்கிறது. குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வதால் பல் கெடும், பிரசவம் முடியும்வரை பல் சிகிச்சை கூடாது என்று மாமியார் சொல்கிறார். காலையில் வாந்தியும் இன்னும் நிற்கவில்லை. (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார்; ஆனால் இரண்டுமே சரியல்ல. உருவாகி முடிந்த பல்லிலிருந்து கால்சியத்தைக் குழந்தை எடுத்துக்கொள்ள வழியில்லை. உணவில் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்; பால், கேழ்வரகு, எள், கீரை, மருத்துவர் தந்த கால்சியம் மாத்திரை ஆகியவை அதற்காகத்தான். ஈறு வீங்குவதற்குக் காரணம், கர்ப்ப காலத்தில் கூடும் ஹார்மோன்கள், சிறிதளவு அழுக்குக்கும் ஈறைப் பெரிதாக வீங்கவைப்பதே. சொத்தைக்குக் காரணம் அடிக்கடி எதையேனும் கொறிப்பதும், வாந்தியின் அமிலமும், பிரஷை வாயில் வைத்தாலே குமட்டுவதால் சரியாகத் துலக்க முடியாமல் போவதும்தான்.

நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான காலம் பல் சிகிச்சைக்கு மிகவும் ஏற்றது. நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, தேவைப்பட்டால் வேர் சிகிச்சை ஆகிய எல்லாவற்றையும் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யலாம். சீழ் வைத்த பல்லைப் பிரசவம்வரை விட்டுவைப்பதே தாய்க்கும் குழந்தைக்கும் கேடு. கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தையின் பல்லில் நிரந்தரக் கறையை உண்டாக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காமல், ஒரு டம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 10 வயது. முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் உள்ளன. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. நாங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கிறோம். இரண்டு வயது மகனும் இருக்கிறான். (வாசகர், தர்மபுரி மாவட்டம்)

பதில்: தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள்; குழந்தை சரியாகப் பல் துலக்குவதில்லை என்று திட்டுவதையும் நிறுத்திவிடுங்கள். அது மேலே படிந்த அழுக்கு அன்று. பல் உருவாகும் காலத்தில் குடிநீரிலிருந்த மிகுதியான ஃபுளோரைடு எனாமலுக்குள் ஏற்படுத்திய மாற்றம். பற்பசையில் உள்ள ஃபுளோரைடு பல்லின் மேற்பரப்பைக் காக்கும்; நிலத்தடி நீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி நாள்தோறும் வயிற்றுக்குள் போனால் கேடு செய்யும். நிலத்தடி நீரில் இந்தச் சிக்கல் இருப்பதனால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்த நீரையே பயன்படுத்துங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும். எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயதுவரை நடப்பதால், மகனின் நிலைத்த பற்களை இப்போதும் காப்பாற்றிவிடலாம். மகளின் திட்டுகளை மேலோட்டமாக மெருகிட்டோ, பல்நிறப் பூச்சுக் கொடுத்தோ மறைக்க முடியும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. எட்டு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். ஒரு கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டும். ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வரலாமா? அம்மாவுக்கும் ஒரு பல் எடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு வேறு நோய் இல்லை. எலும்பு அடர்த்திக் குறைவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறார். (வாசகர், சேலம்)

பதில்: அப்பாவின் மாத்திரையை ஒருநாள் கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் இந்த மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். பல் எடுத்த இடத்தில் வரும் ரத்தத்தைத் துணிமடிப்பு வைத்துக் கடிக்கச் சொல்லியும், தையல் போட்டும் நிறுத்திவிடலாம். சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். இதய மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, காலை நேரத்தில் அழைத்து வாருங்கள். மாலைக்குள் ரத்தம் நின்றதைப் பார்த்து அனுப்ப முடியும். மருந்தின் பெயரை எழுதி வருவதை விட மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்து வருவது நல்லது.

அம்மா போட்டுக்கொள்ளும் ஊசியை நீங்கள் "மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அது சோலெட்ரானிக் அமிலமாக இருக்கலாம். அந்த மருந்து எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும். அரிதாகச் சிலருக்குப் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். எலும்பு அடர்த்திக் குறைவுக்குக் கொடுக்கும் அளவில் இந்த ஆபத்து மிகச் சிறியது. ஆதலால் ஊசியைக் கண்டு அஞ்ச வேண்டாம், அதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எந்த ஊசி, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எந்த மாதம் என்பதைக் குறித்துவந்து பல் மருத்துவரிடம் கொடுங்கள். அந்தப் பல்லை எடுக்காமல் வேர் சிகிச்சையால் காப்பாற்ற முடியுமா என்பதை அவர் முதலில் பார்ப்பார்; எடுத்தே ஆக வேண்டும் என்றால் தொற்றைக் கட்டுப்படுத்திய பின், எலும்பை இயன்றவரை தொடாமல் எடுத்து, குழி மூடும்வரை உங்களை அடிக்கடி வரச் சொல்வார்.